பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு எங்கள் கடை போய்விடுமா?

கேள்வி: நகரின் மையத்தில், பேருந்து நிலையத்துக்கு அருகே, 600 சதுர அடியில் எங்களுக்கு ஓட்டுக் கடை உள்ளது. பத்திரம் மறைந்த என் தந்தையின் பெயரில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்துக்குப் புதிய கட்டடம் கட்ட அரசு நிதி ஒதுக்கியதாகச் செய்தி வந்ததும் ஒரு தரகர் வந்தார். "அரசு வழிகாட்டி மதிப்புதான் தரும், பவர் எழுதிக் கொடுங்கள், இரட்டிப்பாக வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சட்டமே உங்களுக்குத் தரச் சொல்லும் இரட்டிப்பைத்தான் அவர் தம் திறமையென்று விலை பேசுகிறார்.

நிதி ஒதுக்கீடு என்ற செய்தியால் கடை போய்விடாது. அதன்பின் நிர்வாக ஒப்புதல் அரசாணை, பொதுப்பணித் துறையின் மதிப்பீடு, நிதி விடுவிப்பு என்று பல படிகள் உண்டு. நிலம் கேட்கும் அமைப்பு அதற்கான தொகையில் ஒரு பகுதியையாவது கட்டினால்தான், 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி இறுதி அறிவிப்பை வெளியிட முடியும். முதல்நிலை அறிவிக்கை வந்த 12 மாதங்களுக்குள் அந்த அறிவிப்பு வராவிட்டால், அரசு காலத்தை நீட்டித்தாலன்றி, அறிவிக்கையே ரத்தானதாகிவிடும். அடிக்கல் நாட்ட ஒரு காலைப்பொழுது போதும். பணம் கட்டத்தான் நம் அலுவலகங்களுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன.

கணக்கு எளிது. வழிகாட்டி மதிப்பு, அருகில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இவற்றில் அதிகமானதே சந்தை மதிப்பு. நிலம் 30 லட்சம், கட்டடம் 5 லட்சம் என்று வையுங்கள்; நிலத்தை இழப்பவருக்குச் சட்டப்படி கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை அந்த 35 லட்சத்துக்கு இணையாகச் சேர்ந்து 70 லட்சமாகும். நிலமெடுப்பால் மக்களுக்கு வரும் பாதிப்பை ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிக்கை வந்த நாளிலிருந்து நிலத்தின் மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதமும் உண்டு. கைக்காசைக் காட்டாமல் குறைத்துப் பத்திரம் பதியும் நம் வழக்கந்தான் இந்தச் சராசரியைக் கெடுக்கிறது. அதற்கு அரசை மட்டும் குறை சொல்ல முடியாது.

என்னிடம் வந்த ஒருவர், 20 ரூபாய் முத்திரைத்தாளில் இழப்பீட்டில் பாதியைத் தரகருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். தொகை எழுதும் இடம் வெறுமையாக இருந்தது, கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. முதல்நிலை அறிவிக்கைக்குப் பின் அந்த நிலத்தில் கிரயமோ அடமானமோ கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அதனால்தான் இவர்கள் அதற்கு முன்பே ஓடி வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் இருமுறை படியுங்கள். தொகை குறைவென்று தோன்றினாலும் பணத்தை வாங்கலாம். ஆனால் ரசீதில் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும். எழுதாமல் வாங்கினால் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடும். "அதெல்லாம் வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள்" என்று எழுத்தர் சொன்னாலும் எழுதுங்கள். இழப்பீடு எவ்வளவு என்று ஆட்சியர் முடிவு செய்யும் ஆணைதான் தீர்வாணை. அதன்போது நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ நேரில் இருந்தால் அன்றிலிருந்து 6 வாரங்களுக்குள் ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 6 வாரம் அல்லது தீர்வாணை தேதியிலிருந்து 6 மாதம், எது முதலில் முடிகிறதோ அது. தக்க காரணம் இருந்தால் மேலும் ஓராண்டு வரை ஆட்சியர் ஏற்கலாம் என்றாலும், அது அவருடைய மனநிறைவைப் பொறுத்தது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் தந்தையின் பெயரில் நிற்கும் பத்திரம். வாரிசுகளிடையே தகராறு என்றால் தொகையை உங்களிடம் தராமல், இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் நிலமெடுப்பு ஆணையத்தில் கட்டிவிடுவார்கள். எனவே வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் நகர நில அளவைப் பதிவேட்டில் எல்லா வாரிசுகளின் பெயரையும் ஏற்றி, வில்லங்கச் சான்றும் எடுத்து வையுங்கள்.