யானைப்படை வரும்வரை ஊர் நிற்க வேண்டுமே!

கேள்வி: விடுதி நண்பர்கள் நாலு பேர் ‘ஜீரோ ஏ.டி.’ என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டு ஆடுகிறோம். ஊர் கட்டி, படை திரட்டி மோத வேண்டும். கம்ப்யூட்டரை எளிதாக ஜெயிக்கிறேன். நண்பர்களோடு ஆடினால் பன்னிரண்டாவது நிமிடத்தில் என் ஊரே காலி. அதில் வரும் நாகரிகங்களில் மௌரியரை எடுத்து யானைப்படை கட்டினால் ஜெயிக்கலாமா?

பதில்: யானையைப் பிறகு பார்ப்போம். அடுத்த முறை தோற்றதும் எரிச்சலில் விளையாட்டை மூடிவிடாதீர்கள். முடிவில் வரும் சுருக்கத் திரையில் வரைபடங்கள் இருக்கும். அதில் மக்கள்தொகைக் கோட்டை மட்டும் பாருங்கள். உங்களை அடித்தவரின் கோடு ஏறிக்கொண்டே போயிருக்கும். உங்களுடையது நடுநடுவே படுத்துக் கிடக்கும். நீங்கள் தோற்றது அந்த இடங்களில்தான். ஒன்று, மக்கள்தொகை வரம்பைக் கூட்டும் வீடுகளைக் கட்ட மறந்திருப்பீர்கள். இல்லையென்றால் உணவு தீர்ந்து, ஆட்களை உருவாக்கும் மையக் கட்டடமான சிவிக் சென்டர் சும்மா நின்றிருக்கும்.

தொடங்கும்போது கையில் இருப்பவர்களில் பெண்களைப் பழப் புதருக்கு அனுப்புங்கள், காலாட்களை மரத்துக்கு, குதிரைக்காரனைக் கோழிக்கு. குதிரைப்படைக்கு இறைச்சி தவிர வேறு எதுவும் சேகரிக்கத் தெரியாது. பழத்துக்கும் வயலுக்கும் பெண்களே வேகம். கல், உலோகம் வெட்ட ஆண்கள். புதரை ஒட்டி ஒரு ஃபார்ம்ஸ்டெட் (உணவை இறக்கும் கிடங்கு), மரக்கூட்டத்தை ஒட்டி ஒரு ஸ்டோர்ஹவுஸ் (மரம், கல், உலோகம் இறக்கும் கிடங்கு). சுமந்து நடக்கிற ஒவ்வொரு அடியும் நஷ்டம்தான். சிவிக் சென்டரைத் தேர்ந்தெடுத்து மரத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து வைத்தால், பிறக்கிற ஆள் நேராக வெட்டப் போய்விடுவான். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்தால் ஐந்தைந்து பேராக உருவாவார்கள். தலைக்கு ஆகும் நேரம் குறையும். ஆனால் ஐவரும் சேர்ந்துதான் வெளியே வருவார்கள். அதனால் ஆரம்ப நொடிகளில் சின்னத் தொகுதிகளே போதும்.

பழம் தீரும்வரை காத்திருக்காமல் வயல் போடத் தொடங்குங்கள். ஒரு வயலில் ஐந்து பேருக்குத்தான் இடம். மரம் வெட்டும் வேகத்தைக் கூட்டும் தொழில்நுட்பத்தை ஸ்டோர்ஹவுஸில் சீக்கிரமே வாங்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் அந்தக் காசில் காவல் கோபுரம் கட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது.

கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகியவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு: படைவீரர்களை வாசலில் வரிசையாக நிறுத்தி வைப்பது. இந்த விளையாட்டில் சாதாரண வீரன் குடிமகனும்கூட; மரம் வெட்டுவான், சுரங்கம் தோண்டுவான். எதிரி கண்ணில் படும்வரை அவன் வேலை செய்யட்டும். படையெடுக்கும் நண்பருக்கோ, புறப்பட்ட நொடியிலிருந்து அத்தனை பேரின் உழைப்பும் நின்றுபோகிறது. நீங்கள் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குச் செலவு.

அவர் வந்துவிட்டால் சிவிக் சென்டரின் அம்பு எட்டும் தூரத்திலேயே சண்டை போடுங்கள். சில வீரர்களை உள்ளே ஏற்றினால் அம்புகள் கூடும். குதிரைகள் வந்தால் ஈட்டிக்காரர்களை முன்னால் விடுங்கள். கதவுடைக்கும் ராம் வண்டி வந்தால் வில்லாளிகளை நம்பாதீர்கள், அம்பு அதைக் கீறக்கூடச் செய்யாது. வாள்வீரர்கள் நெருங்கி வெட்ட வேண்டும். ராம் ஆட்களைத் தாக்காது, தயங்காமல் போகலாம். படையை வரிசையாக நகர்த்தும் அணிவகுப்பு வசதி பார்க்க அழகுதான். ஆனால் வரிசை பிடிப்பதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள், அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

இனி மௌரியர். தாராளமாக எடுங்கள், ஆனால் வேறு யானைக்காக. அவர்களிடம் வேலை யானை ஒன்று உண்டு. நடமாடும் ஸ்டோர்ஹவுஸ் அது. மரம் வெட்ட வெட்டக் காடு பின்வாங்கும்போது அதையும் கூடவே நகர்த்தினால் புதுக் கிடங்கு கட்டும் மரம் மிச்சம். போர் யானை உணவையும் உலோகத்தையும் வாரித் தின்னும், உருவாகவும் நேரமாகும். உங்கள் மக்கள்தொகைக் கோடு படுக்காமல் பன்னிரண்டாவது நிமிடத்தைத் தாண்டிய பிறகு, அதற்கு ஆசைப்படலாம்.