ஒரு அவுன்ஸ் நாணயத்தில் மாற்றுக் குறைவு கழிக்கலாமா?

கேள்வி: என் தந்தை விட்டுச்சென்ற 1978ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க க்ரூகராண்ட் தங்க நாணயத்தை விற்க நினைக்கிறேன். 22 காரட் என்பதால் ஒரு அவுன்ஸில் எட்டு சதவீதத்துக்கு மேல் கழிப்பேன் என்கிறார் வியாபாரி. இது சரியா? பாலிஷ் செய்தால் விலை கூடுமா?

பதில்: சரியே இல்லை. அந்த விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

க்ரூகராண்டின் மொத்த எடை 33.93 கிராம். அதில் கலந்துள்ள செம்பு போக, சுத்தத் தங்கம் மட்டுமே 31.10 கிராம், அதாவது தங்கத்தை நிறுக்கும் அளவான டிராய் அவுன்ஸ் முழுவதும். நாணயத்தில் ‘ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம்’ என்று பொறித்திருப்பதன் பொருள் அதுதான். அந்த 31.10 கிராமில் மறுபடியும் 22 காரட் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2.6 கிராம் தங்கம் உங்களிடமிருந்து பறிபோகும். நாணயம் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கண்முன் எடைபோடச் சொல்லுங்கள். பிறகு அன்றைய சர்வதேச அவுன்ஸ் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள். வாங்குபவர் தம் லாபத்துக்குச் சிறிது குறைப்பது முறைதான். அதை லாபம் என்று சொல்லியே குறைக்கட்டும்.

மொத்த எடையையும் நாணயத்தில் பொறித்துவிட்டால் இந்த ஏமாற்றுக்கு இடமிருக்காது. அதைச் செய்ய நாணயச்சாலைகளுக்கு என்ன தடை?

சீனத்துப் பாண்டா நாணயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 1982இல் அவுன்ஸ் கணக்கில் தொடங்கிய அது, 2016 முதல் கிராமுக்கு மாறிவிட்டது. பழைய ஒரு அவுன்ஸ் நாணயத்தின் இடத்தில் இப்போது வருவது 30 கிராம், 1.1 கிராம் குறைவு. அங்கே கழிப்பது நியாயம். ஆனால் அதே வியாபாரி 2016க்கு முந்தைய பாண்டாவையும் 30 கிராம் என்று சொல்லி வாங்கப் பார்ப்பார். ஆகவே ஆண்டைப் பாருங்கள். பாண்டாவின் உருவம் ஏறக்குறைய ஆண்டுதோறும் மாறுவதால், சில ஆண்டுகளின் நாணயங்களுக்குச் சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேலும் தருவார்கள்.

உங்கள் நாணயத்துக்கு அப்படி எதிர்பார்க்க வேண்டாம். 1978இல் க்ரூகராண்ட் லட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. ‘அபூர்வம், கமிஷன் கொடுத்தால் பெரிய விலைக்கு முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகரைப் படியேறவே விடாதீர்கள்.

பாலிஷ் கூடவே கூடாது. தேய்த்தால் தங்கமும் குறையும், கீறலும் விழும்; அதைக் காட்டி இன்னும் குறைப்பார்கள். துணியால்கூடத் துடைக்காமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து உறையில் போட்டு, குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் விலை கேளுங்கள்.