மாத்திரையை நிறுத்திவிட்டு யோகாவுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 37. ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. பத்து வருடமாக ஒற்றைத் தலைவலி இருக்கிறது. மாதம் ஏழெட்டு முறை வரும். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னால் வருவதுதான் ரொம்பக் கடுமை. வாந்தி எடுத்து, இருட்டறையில் படுத்தால்தான் அடங்கும். நரம்பியல் மருத்துவர் தினமும் இரவில் போடத் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். அது போக, மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் போன மாதம் 12 நாள் போட்டேன். எங்கள் தெருவில் பெண்களுக்கு யோகா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். சேர்ந்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கரூர்

பதில்: வகுப்பில் கட்டாயம் சேருங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று விட்டால் வேறு தொல்லைகள் வரும்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. ஒற்றைத் தலைவலி உள்ள 160 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு யோகாவும். முதல் மாதம் வாரத்துக்கு 3 நாள் ஆசிரியர் முன்னிலையில் ஒரு மணி நேரம், அடுத்த இரண்டு மாதம் வீட்டிலேயே வாரத்துக்கு 5 நாள். கடைசி வரை இருந்தவர்கள் 114 பேர். யோகாவும் செய்தவர்களுக்கு மாதம் சராசரியாக 9.1 முறை வந்த வலி 4.7 ஆனது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 7.7 இருந்தது 6.8 ஆனது. யோகா பிரிவில் வலி மாத்திரையும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் யாரும் மருந்தை விட்டுவிட்டு யோகா செய்யவில்லை என்பதை உங்கள் தெருக்காரர்களிடம் சொல்லுங்கள்.

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்குக்கு முன்னால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குவது ஒரு முக்கியக் காரணம். அந்த இறக்கத்தை எந்த ஆசனமும் தடுக்காது. ஆனால் தூக்கக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு, மனஉளைச்சல், இறுகிப்போன கழுத்துத் தசை எல்லாம் அதே இரண்டு நாளில் சேர்ந்துகொண்டால் வலி தாங்க முடியாததாகிவிடும். அந்தச் சுமையைத்தான் பயிற்சி இறக்கி வைக்கிறது.

அதனால் வலி இல்லாத நாட்களில் செய்வதுதான் முக்கியம். வலி வந்தபிறகு ஆசனம் போட்டால் வலி அதிகமாகத்தான் செய்யும். உடலை அசைத்தாலே அதிகமாவதுதான் இந்த வலியின் குணம். அன்றைக்கு வலி மாத்திரையைத் தாமதிக்காமல் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள்.

மற்ற நாட்களில் என்ன செய்யலாம்? கழுத்தையும் தோளையும் தளர்த்தும் எளிய அசைவுகள் பத்து நிமிடம். அப்புறம் மூச்சுப் பயிற்சி. மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கை உயர வேண்டும், நெஞ்சு அதிகம் தூக்கக் கூடாது. நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். அடக்கி வைக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிந்து, உடம்பின் பதற்றம் இறங்கும். பத்து நிமிடம் செய்துவிட்டு, பாதத்தில் தொடங்கித் தாடை வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துங்கள். தாடையை மறக்காதீர்கள். பல பெண்கள் பல்லைக் கடித்தபடியே நாளைக் கழிக்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல்.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சும், சிரசாசனம் போல் தலைகீழாக நிற்பதும் உங்களுக்கு வேண்டாம் என்று ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. விடிகாலை ஐந்து மணி வகுப்பு என்றால் யோசியுங்கள். அதற்காக நாலரைக்கு எழுந்து, வெறும் வயிற்றோடு போய்வந்து, சமைத்துவிட்டு, பத்து மணிக்குச் சாப்பிட்டால் தூக்கமும் போகும், பசியும் சேரும். இரண்டுமே வலியைத் தூண்டும். மாலை வகுப்பு இருந்தால் அதில் சேருங்கள். காலைதான் என்றால் அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுப் போங்கள். இரவு சீக்கிரம் படுங்கள். அந்த அரை மணி நேரம் அடுப்பை வேறு யாராவது பார்க்கட்டும். வீட்டில் முணுமுணுத்தால் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். நீங்கள் இருட்டறையில் படுப்பது சோம்பேறித்தனம் இல்லை, நோய்.

எனக்குக் கவலை தருவது அந்த 12 நாள்தான். பாராசிட்டமால் போன்ற தனி மருந்தை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து சேர்ந்த கலவை மாத்திரையையும், ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் டிரிப்டான் வகை மருந்தையும் 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். கடையில் வாங்குவது எந்த வகை என்று அட்டையைப் பாருங்கள். கலவை என்றால் இப்போதே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

வலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு, பார்வை மறைவு வருமா என்று நீங்கள் எழுதவில்லை. வரும் என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. பக்கவாத ஆபத்து கூடும். இதுவரை இல்லாத வகையில் இடிபோலத் திடீர் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு நோட்டில் வலி வந்த நாள், மாதவிலக்கு நாள், போட்ட மாத்திரை, பயிற்சி செய்த நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். முதல் மாதத்தில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் விடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இரவு மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்வார்.