பேய்க்கு மூணு கண் வைக்கலாமா?

அக்டோபர் வந்ததும் வாசகர் கேள்விகளில் பாதிக்கு மேல் ஹாலோவீன் (அக்டோபர் 31 அன்று வரும் பேய்த் திருநாள்) குக்கீ பற்றித்தான். குழந்தைகளோடு சேர்ந்து குக்கீ சுடுவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். வாசகர் கேள்வி முதலில், அதன் கீழே என் பதில்.

என் பிள்ளைகளுக்கு 4 வயது, 7 வயது. போன வருஷம் ஆசை ஆசையாக ஆரம்பித்தோம். மாவு பிசைந்து, வெட்டி, சுட்டு, ஆறவைத்து, மேலே பூசும் சர்க்கரை ஐசிங் கலந்து முடிப்பதற்குள் சின்னவள் அழுது தூங்கிவிட்டாள், பெரியவன் எழுந்து போய்விட்டான், கடைசியில் நான் மட்டும் ராத்திரி உட்கார்ந்து பூசணிக்குச் சிரிப்பு வரைந்தேன். எங்கே தப்பு?

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய நினைத்ததுதான் தப்பு. குக்கீயை மூன்று நாளாகப் பிரித்துவிடுங்கள், நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

முதல் நாள் மாவு. அது பெரியவர்கள் வேலை, குழந்தைகள் தூங்கிய பிறகுகூடச் செய்யலாம். 200 கிராம் வெண்ணெய், 150 கிராம் பொடித்த சர்க்கரை இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் வெனிலா, கால் டீஸ்பூன் உப்பு, அப்புறம் 375 கிராம் மைதா சேர்த்துப் பிசையுங்கள். மாவு ஒன்றாகச் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் பிசைந்தால் குக்கீ கடினமாகிவிடும். இரண்டு பேக்கிங் தாளுக்கு நடுவில் வைத்து 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே தட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிசைந்த உடனே மாவு மென்மையாக இருக்கும்போதே தேய்த்துவிட்டால், மறுநாள் கல் மாதிரி இறுகிய உருண்டையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் வெட்டுவதும் சுடுவதும். குழந்தைகளுக்கு இது அரை மணி நேர வேலை. 4 வயதுக்காரிக்கு உருண்டையான அச்சு, பூசணி அச்சு கொடுங்கள். வௌவால், சிலந்தி மாதிரி மெல்லிய கால் உள்ளவை பெரியவனுக்கு. 175 டிகிரி செல்சியஸில் 10 முதல் 12 நிமிடம், ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். 7 சென்டிமீட்டர் அச்சு என்றால் ஏறக்குறைய 30 வரும். சூடான ஓவன் பக்கம் பிள்ளைகள் வரக் கூடாது, தட்டை வைப்பதும் எடுப்பதும் உங்கள் கை மட்டும்.

மூன்றாம் நாள் நிறம். இது முழுக்க அவர்களுடைய நாள். குக்கீ நன்றாக ஆறியிருக்கும், ஐசிங்கை நீங்கள் முன்பே கலந்து வைத்திருப்பீர்கள், பிள்ளைகளும் புதுத் தெம்போடு வந்து உட்காருவார்கள். ஒரு பிள்ளைக்கு நாலு குக்கீ, மூன்று நிறம். அதற்கு மேல் வேண்டாம். பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் எந்தக் குழந்தைக்கும் சலித்துவிடும், நாலு வைத்தால் "இன்னொண்ணு" என்று கேட்கும்.

என் வௌவால்கள் எல்லாம் ஓவனுக்குள் போகும்போது வௌவாலாகத்தான் போகின்றன, வரும்போது மேகமாக வருகின்றன. ஏன்?

வெண்ணெய் உருகுவதற்கும் மாவு இறுகுவதற்கும் நடுவில் ஒரு போட்டி நடக்கிறது. வெண்ணெய் முதலில் உருகி ஓடிவிட்டால் வடிவம் போய்விடும். அதனால் வெட்டிய பிறகு தட்டோடு இன்னொரு 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் சுடுங்கள். குழந்தைகள் வெட்டினால் கைச்சூட்டிலேயே மாவு இளகிப்போகும் என்பதால் இது கட்டாயம். பேக்கிங் பவுடரோ சோடாவோ போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், வடிவ குக்கீ உப்ப வேண்டியதில்லை. ஒரு தட்டு சுட்டு முடித்த சூட்டோடேயே அடுத்த குக்கீகளை அதில் அடுக்காதீர்கள்.

கறுப்பு கலந்தால் சாம்பல் நிறம்தான் வருகிறது. ஊதா கலந்தால் சேறு மாதிரி ஆகிறது. நல்லபடியாக வந்த ஒரு ஊதாவும் இரண்டு நாளில் நீலமாகிவிட்டது. ஹாலோவீனுக்கு இந்த இரண்டு நிறமும் இல்லாமல் எப்படி?

நிறம் பற்றிக் கேட்டால் எனக்குப் பேச நிறைய உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை ஐசிங். 250 கிராம் ஐசிங் சர்க்கரை, ஒன்றரை டேபிள்ஸ்பூன் மெராங் பவுடர், 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர். நன்றாக அடித்தால் வெள்ளையாக, கெட்டியாக வரும். பச்சை முட்டை வெள்ளைக்கரு வைத்துச் செய்யும் பழைய முறை ஒன்று உண்டு, ஆனால் சால்மொனெல்லா கிருமி பயம் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் செய்ய மாட்டேன். மெராங் பவுடரில் இருப்பது கிருமி நீக்கி உலர்த்திய வெள்ளைக்கரு. முட்டையே வேண்டாம் என்றால் ஐசிங் சர்க்கரையில் கொஞ்சம் பால், ஒரு டீஸ்பூன் கார்ன் சிரப் சேர்த்தால் போதும், காய்வதற்கு நேரமாகும், ஆனால் பளபளப்பு அழகாக இருக்கும்.

பதம் தேன் மாதிரி. கரண்டியால் எடுத்து மேலே ஒரு கோடு விழவிட்டு மனசுக்குள் எண்ணுங்கள், பத்திலிருந்து பதினைந்து எண்ணுவதற்குள் கோடு மறைந்தால் பரப்புவதற்குச் சரியான பதம். அதற்கு முன்பே மறைந்தால் ஓரத்தில் வழியும்.

இப்போது கறுப்பு. வெள்ளை ஐசிங்கிலிருந்து கறுப்புக்குப் போக வேண்டுமென்றால் பாட்டில் பாட்டிலாக ஊற்ற வேண்டியிருக்கும், கசப்பும் வரும், பிள்ளைகள் பல்லும் நாக்கும் கறுத்துப்போகும். அதனால் முதலில் கோகோ பவுடர் கலந்து நல்ல பழுப்பாக்கிக்கொண்டு, அதன் மேல் கொஞ்சமாகக் கறுப்பு ஜெல் நிறம் சேருங்கள். கரும்சாம்பல் வந்ததும் நிறுத்தி, மூடி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பார்த்தால் தானாகவே இரண்டு மடங்கு கறுத்திருக்கும். அடர்ந்த நிறம் எல்லாமே நேரம் ஆக ஆகத்தான் ஏறும், அவசரப்பட்டுச் சேர்த்துக்கொண்டே போவதில்தான் எல்லாருக்கும் தவறுகிறது. தண்ணீர் மாதிரி இருக்கும் ஃபுட் கலரை வாங்காதீர்கள், ஐசிங் இளகிவிடும். ஜெல்தான் வேண்டும், அதுவும் பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு.

ஊதா சேறாவதற்குக் காரணம் நீங்கள் எடுத்த சிவப்பில் மஞ்சள் சாயல் கலந்திருப்பது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சேர்ந்தால் பழுப்புதானே. சிவப்புக்குப் பதிலாக ரோஸ் நிறத்தை எடுத்து அதில் நீலத்தைத் துளித்துளியாகச் சேருங்கள், சுத்தமான ஊதா வரும். இதைப் பிள்ளைகளையே செய்யவிடுங்கள். மஞ்சளில் சிவப்பு சேர்த்து ஆரஞ்சு, மஞ்சளில் நீலம் சேர்த்துப் பச்சை. என் பேத்தி முதல்முறை மஞ்சள் கிண்ணத்தில் நீலக் குச்சியைச் சுற்றியபோது ஒரு மெல்லிய பச்சை வால் மாதிரி கிளம்பியது, அவள் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் குனிந்து மூக்கு படுகிற தூரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிண்ணத்தை அவசரமாக நான் கலக்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பச்சை வாலை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

ஊதா நீலமானதற்கு வெளிச்சம் காரணம். ரோஸ் சாயம் வெளிச்சத்தில் முதலில் வெளுத்துவிடும், நீலம் நிற்கும். ஜன்னலோரம் காய வைக்காதீர்கள்.

செயற்கை நிறம் இல்லாமல் செய்ய முடியுமா? பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பயம்.

முடியும், ஆனால் மாவில் கலப்பதை விட ஐசிங்கில் கலப்பதுதான் பலன் தரும். பீட்ரூட் பொடி ஐசிங்கில் அழகான ரோஸ் கொடுக்கும், அதையே மாவில் போட்டுச் சுட்டால் சூட்டில் நிறம் செத்துப் பழுப்பாகிவிடும். மஞ்சள் தூள் சூட்டைத் தாங்கும், கால் டீஸ்பூனுக்கும் குறைவாகப் போட்டால் வாசம் தெரியாது. ஆரஞ்சுக்கு மஞ்சளும் பீட்ரூட்டும் சேர்ந்தால் சரி. பச்சைக்குக் கீரைப் பொடி. சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்த நீலத் தண்ணீர் பெரிய வேடிக்கை, அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் கண்முன்னே ஊதாவாகும். அந்தத் தண்ணீரிலேயே ஐசிங் கலந்துவிடலாம்.

கறுப்புக்குக் கரிப்பொடி போடச் சொல்கிறார்கள், அது வேண்டாம். மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு, மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

பயத்தைப் பற்றி: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, அல்லூரா ரெட் உள்ளிட்ட 6 செயற்கை நிறங்கள் கலந்த உணவில், குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று லேபிளில் போட வேண்டும். அமெரிக்காவில் ரெட் 3 என்ற நிறத்துக்கு உணவில் இருந்த அனுமதியை 2025 ஜனவரியில் ரத்து செய்தார்கள். ஆகவே லேபிளைப் படியுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் இயற்கை நிறத்தோடு நின்றுகொள்ளுங்கள், வெளிறிய பூசணியும் பூசணிதான்.

பச்சை மாவை அள்ளி அள்ளித் தின்கிறான். முட்டை போடாமல் செய்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. முட்டைக்கு மட்டும்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், மைதாவும் வேகவைக்காத பச்சைப் பொருள்தான் என்பது பலருக்கும் தெரிவதில்லை. 2016-இல் அமெரிக்காவில் மைதாவிலிருந்த ஈ.கோலை கிருமியால் 60 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள். "தின்னாதே" என்று மட்டும் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது, நேற்றே சுட்டு வைத்த குக்கீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், கை அங்கே போகும். வெட்டி முடித்ததும் சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும், மேசையையும் துடைக்க வேண்டும்.

மகளின் தோழிக்குக் கடலை ஒவ்வாமை. அவளையும் கூப்பிட்டிருக்கிறோம்.

அவள் அம்மாவிடம் இன்றே பேசுங்கள். மாவில் கடலை இல்லை என்பது போதாது, ஸ்பிரிங்கிள்ஸ் (மேலே தூவும் வண்ணச் சர்க்கரைத் துணுக்குகள்), சாக்லேட், மிட்டாய்க் கண்கள் எல்லாவற்றின் லேபிளையும் பார்க்க வேண்டும், ஒரே ஆலையில் கடலையும் கையாளப்படுகிறது என்று போட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். முடிந்தால் பொருட்களை அந்த அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சில வீட்டு வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பூசணி வைத்திருப்பார்கள், இங்கே தின்பண்டம் தவிர வேறு பரிசும் உண்டு என்று ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு அது அடையாளம், 2014-இலிருந்து நாடு முழுக்கப் பரவிய வழக்கம். ஒரு குக்கீயையாவது அந்த நிறத்தில் செய்யுங்கள், அந்தப் பெண் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவாள்.

அப்புறம், 4 வயதுக்குக் கீழே யாராவது வந்தால் உருண்டையான கெட்டி மிட்டாய் எதுவும் மேசையில் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

ஏன் ஆரஞ்சும் கறுப்பும் என்று கேட்கிறான் 6 வயது மகன். என்ன சொல்வது?

ஆரஞ்சு பூசணிக்கும் அறுவடைக்கும், கறுப்பு இருட்டுக்கும் என்று சொல்லுங்கள். கதை கேட்டால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவை சௌவின் என்று கொண்டாடினார்கள், அன்று இறந்தவர்கள் வந்து போவார்கள் என்று நம்பினார்கள். பிறகு நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாளானது, அதற்கு முந்தைய மாலை ஹாலோவீன் ஆனது. அங்கே முகம் செதுக்கி விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கில். அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குப் பெரிதாக, குடைவதற்குச் சுலபமாகப் பூசணி கிடைத்தது. "அப்படின்னா வெள்ளை டர்னிப் குக்கீ பண்ணலாமா?" என்று கேட்பான், பண்ணுங்கள்.

பேத்தி பேய்க்கு மூன்று கண் வைக்கிறாள், வாய் நெற்றியில் இருக்கிறது. திருத்தலாமா?

வேண்டாம். மூன்றாவது கண் எதற்கு என்று கேளுங்கள். காரணம் வைத்திருப்பாள்.

அக்டோபர் 31 அன்று நான் வெளியூரில் இருப்பேன், ஒரு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவேன். மகள் செய்வதை அதுவரை வைத்திருக்க முடியுமா?

தாராளமாக. ஐசிங் பூசிய குக்கீயை மூடாமல் 8 முதல் 12 மணி நேரம் காயவிட வேண்டும், ஈரத்தோடு டப்பாவில் போட்டால் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், நடுவில் பேக்கிங் தாள் போட்டு அடுக்கி, காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது வியர்த்து நிறம் கசியும். இன்னொன்றும் செய்யலாம். ஐசிங் பூசாத பேய் ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கூடவே கொஞ்சம் மெராங் பவுடர் ஐசிங்கை மூடிய கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும், எடுத்ததும் நன்றாகக் கிளறிக்கொள்ள வேண்டும். நீங்கள் வந்து கைகழுவிவிட்டு உட்காருங்கள், எத்தனை கண் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லுவாள்.