ரிவியேராவா, தண்டர்பேர்டா?

தம்பி, மிச்சிகன் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கிறது, 1965 ப்யூக் ரிவியேரா வாங்கலாமா, அதே வருஷத்து ஃபோர்டு தண்டர்பேர்ட் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே வந்து இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டையும் வைத்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அழகு என்றால் எனக்கு ரிவியேராதான். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் தலைமையில் வடிவமைத்த வண்டி, வேண்டாத கோடு ஒன்றுகூடக் கிடையாது. 1965இல்தான் முகப்பு விளக்குகளை இரண்டு ஓரத்திலும் மூடிக்குள் ஒளித்தார்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி, கண் இமை போல மேலும் கீழுமாகத் திறக்கும். இன்றும் இருட்டியதும் அதற்காகவே ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

தண்டர்பேர்டின் அழகு பின்னால் இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் மூன்று விளக்குகள் உள்ளிருந்து வெளியே வரிசையாக எரியும். அதை ஓட்டுவது டிக்கிக்குள் இருக்கும் ஒரு சின்ன மோட்டார். அது நின்றுபோனால் பழுது பார்க்கப் பொறுமை வேண்டும். பிரேக்கில் தண்டர்பேர்ட் ஒரு படி மேல்: 1965இல் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்துவிட்டது, ரிவியேராவில் நாலும் டிரம். ஆனால் இரண்டிலும் பிரேக் ஆயில் ஒரே சுற்றில் ஓடுகிறது. ஒரு குழாய் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். எதை வாங்கினாலும் முதல் வேலையாக, முன் பின் சக்கரங்களுக்குத் தனித்தனியாக ஆயிலை அனுப்பும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம், துரு. நம் ஊரில் வண்டிக்குக் கடல்காற்று எதிரி என்றால், இங்கே பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு. நான் முதலில் வாங்கிய தண்டர்பேர்ட் கண்ணாடி மாதிரி மின்னியது. பேரம் பேசி வாங்கிவந்த பிறகுதான் கதவுக்குக் கீழே காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவ்வளவும் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தது. லிஃப்டில் ஏற்றி அடியில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் பிஸ்கெட்டில் இறங்குவது போல இறங்கியது. தண்டர்பேர்டுக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அடி போனால் வண்டியே போனது மாதிரி. வாங்கிய விலையைவிட வெல்டிங் செலவு அதிகம் என்று தெரிந்ததும் மனசு உடைந்துதான் விற்றேன்.

ரிவியேராவுக்கு எக்ஸ் வடிவத்தில் தனி சேஸ் உண்டு, பாடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஃபெண்டர் அரித்தால் வேறு ஃபெண்டர் மாட்டலாம். ஆனால் அந்தச் சேஸில் பக்கவாட்டுச் சட்டம் இல்லை, பக்கத்திலிருந்து இடித்தால் தாங்காது. அதனால் குடும்பத்தோடு ஹைவேயில் கொண்டுபோக வேண்டாம்.

ஆகவே ரோட்டில் உப்பு கொட்டாத அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் ஓடிய வண்டியாகத் தேடுங்கள். அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் தண்டர்பேர்டையும் தாராளமாக வாங்கலாம். இரண்டும் ஒரே தரத்தில் கிடைத்தால் ரிவியேரா வாங்குங்கள். 425 கன அங்குல என்ஜினும் இரட்டைக் கார்புரேட்டரும் உள்ள, ரிவியேராவிலேயே வேகமான வகையான கிரான் ஸ்போர்ட் என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், ஆவணம் பார்க்காமல் ஒரு டாலர்கூட ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

இங்கே 25 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஹிஸ்டாரிக் பிளேட், அதாவது பழைய வண்டிகளுக்கான தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம், ஆகஸ்டில் சும்மாவும் ஓட்டலாம். வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் திரளும் நாளும் அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமைதான். வண்டி பார்க்கப் போகும்போது சொல்லுங்கள் தம்பி, காந்தத்தோடு நானும் வருகிறேன்.