வெண்கல இம்பெல்லரும் காற்றால் குளிரும் எஞ்சினும்

அன்புள்ள ஐயா,

கோவை கணபதிப் பகுதியில் நீர்மூழ்கி பம்புகளுக்கான உதிரிபாகங்கள் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது. பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான வெண்கல இம்பெல்லர்தான் எங்கள் அடையாளம். விலையைக் குறைப்பதற்காக ஈயத்தைக் கூட்டச் சொன்னவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது சந்தை பிளாஸ்டிக்குக்கும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) இம்பெல்லருக்கும் போய்விட்டது. நான் மாற மறுத்துவருகிறேன். மூன்று ஆண்டுகளாக ஆர்டர் குறைகிறது. முன்பு எங்களிடம் லேத் ஓட்டியவர் இன்று பம்பு நிறுவனம் வைத்திருக்கிறார். அவரிடம் போய் ஆர்டர் கேட்க மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது, இருபது ஆண்டுகளாக உடனிருக்கும் ஃபோர்மேன், “மாறாவிட்டால் பட்டறை நிற்காது” என்று என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னதுதான். உறவினர்கள் எனக்குக் கௌரவம் அதிகம் என்கிறார்கள். கௌரவம் இல்லாமல் தொழில் செய்ய எனக்குத் தெரியாது. இந்தக் குணம் என்னை வாழவைத்ததா, இப்போது அழிக்கிறதா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் கௌரவம் என்ற ஒரு சொல் மூன்று வேறு செயல்களுக்குப் பெயராகியிருக்கிறது. ஈயத்தைக் கூட்டச் சொன்னவரைத் திருப்பி அனுப்பியதும், வெண்கலத்தைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டேன் என்று நிற்பதும், பழைய தொழிலாளியின் வாசலுக்குப் போக மறுப்பதும் ஒரே குணத்திலிருந்து வருவதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். அதனால்தான் ஒன்றைத் தளர்த்தினால் மற்றவையும் சரிந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அப்படி அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளக்க ஒரு மனிதரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவர், பின்னாளில் ஹோண்டா மோட்டார் சைக்கிள், கார் நிறுவனத்தைத் தொடங்கிய சோய்ச்சிரோ ஹோண்டா. ஜப்பானின் ஹமமாட்சு நகரில் மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்த்து நல்ல பெயர் எடுத்திருந்த அவர், 1930களின் பிற்பகுதியில் எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றிப் பொருத்தும் உலோக வளையமான பிஸ்டன் ரிங் தயாரிக்க இறங்கினார். வார்த்தவை எதுவும் சரியாக அமையவில்லை. உள்ளூர்த் தொழில்நுட்பப் பள்ளியின் பேராசிரியர் ஒருவர் சோதித்துப் பார்த்து, உலோகத்தில் சிலிக்கான் போதவில்லை என்றார். சிலிக்கான் எதற்கு என்பதே ஹோண்டாவுக்குத் தெரியவில்லை. முப்பது வயதைக் கடந்த, ஆட்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்த அந்த முதலாளி, அதே பள்ளியில் சேர்ந்து இளைஞர்களுக்கு நடுவே உட்கார்ந்து படித்தார். பின்னர் டொயோட்டாவின் சோதனைக்குக் கொடுத்த ஐம்பது ரிங்குகளில் தேறியவை மூன்று மட்டுமே. அதன் பிறகும் பல்கலைக்கழகங்களையும் உருக்காலைகளையும் தேடிப்போய்க் கற்றார். வார்ப்புத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு, ஐம்பதில் நாற்பத்தேழு திரும்பி வருவது ஒரு முதலாளியின் நெஞ்சில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் பணிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தேர்வு எழுதாததால் பட்டம் கிடையாது என்று பள்ளி சொன்னபோது அவர் பட்டத்தைப் பொருட்படுத்தவே இல்லை. மட்டமான ரிங் தன் கையிலிருந்து வெளியே போகக்கூடாது என்ற பெருமிதமே அவரை மாணவராக்கியது.

பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் நிறுவனம் நடத்திய 1954ஆம் ஆண்டிலும் இதே குணம் வேலை செய்தது. 45 கோடி யென்னுக்கு வெளிநாட்டு இயந்திரங்களை வாங்கிய சுமையோடு விற்பனையும் சரிந்து, நிறுவனம் மூழ்கிவிடும் என்ற நிலை இருந்த அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில், ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டு வெல்வோம் என்று அவர் அறிவித்தார். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது வெறும் வீம்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஜூனில் அந்தத் தீவுக்கு நேரில் போனபோது, ஒரே கொள்ளளவில் ஐரோப்பிய எஞ்சின்கள் தன்னுடையதைப்போல் மூன்று மடங்கு சக்தி தருவதைக் கண்டார். கண்டதை மறுக்கவில்லை, வாங்க முடிந்த பாகங்களை எல்லாம் பையில் அடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1959இல் முதல்முறையாகப் பங்கேற்ற அவருடைய அணி, 1961இல் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தது. அந்தப் பெருமிதம் ஓர் அளவுகோலோடு கட்டப்பட்டிருந்தது. அளவுகோல் அவருக்கு வெளியே இருந்ததால், நீ இன்னும் எட்டவில்லை என்று அவரிடமே சொல்லும் வலிமை அதற்கு இருந்தது.

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இனிமேல்தான். 1960களின் இறுதியில் கார் எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்ற பிடிவாதம் ஹோண்டாவைப் பற்றிக்கொண்டது. தண்ணீரால் குளிர்வித்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவருடைய வாதம். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பேரும் பணமும் தந்த வழியும் அதுதான். 1968 ஜூலையில் பிரெஞ்சு கிராண்ட் பிரி கார் பந்தயத்தில், அணியின் முதன்மை ஓட்டுநர் ஆபத்தானது என்று ஓட்ட மறுத்த காற்றுக்குளிர்ப்புக் கார் களத்தில் இறக்கப்பட்டு, அது மோதி எரிந்ததில் ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற ஓட்டுநர் உயிரிழந்தார். குளிர்விக்கும் முறைதான் அந்த விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டிப் பார்த்தவர் சொன்ன எச்சரிக்கை எடுபடாமல் போனது என்பதையே சொல்கிறேன். 1969இல் வந்த ஹோண்டா 1300 காரும் அதே கொள்கையில் செய்யப்பட்டது. அதன் எஞ்சின் திறமை மிக்கது, ஆனால் கனமானது, சிக்கலானது, செலவு பிடிப்பது. கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை.

புகையில் உள்ள நச்சைக் குறைக்க எஞ்சினின் வெப்பம் கட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீரே ஏற்றது என்பது இளம் பொறியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. முதலாளியிடம் சொல்லிப் பயனில்லாதபோது அவர்கள் தக்கேயோ ஃபுஜிசாவாவிடம் போனார்கள். 1949 முதல் நிறுவனத்தின் பணத்தையும் விற்பனையையும் கவனித்தவர் ஃபுஜிசாவா. ஜப்பானில் கையெழுத்துக்கு இணையான தன் முத்திரையையே ஹோண்டா அவரிடம் கொடுத்துவைத்திருந்தார். எஞ்சின் விஷயத்தில் அதுவரை தலையிடாதிருந்த ஃபுஜிசாவா, 1969 கோடையில் ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த நிறுவனத்தில் நீங்கள் இருக்க விரும்புவது தலைவராகவா, பொறியாளராகவா? சற்று யோசித்த ஹோண்டா, தலைவராகத்தான் இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சினைச் செய்ய அவர்களை அனுமதிப்பீர்களா என்றதற்குச் சம்மதித்தார். அந்தச் சம்மதத்தின் வழியே சிவிக் காரும், அமெரிக்கா 1970இல் இயற்றிய காற்றுத் தூய்மைச் சட்டத்தின் கடுமையான வரம்பை எட்டிய சிவிசிசி எஞ்சினும் வந்தன. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களோடு சமமாக நிற்க இது வாய்ப்பு என்று ஹோண்டா உற்சாகமாகப் பேசியபோது, நாங்கள் நிறுவனத்துக்காக அல்ல, சமூகத்துக்காகவே இதைச் செய்கிறோம் என்று இளைஞர்கள் மறுத்தார்கள். தான் விலக வேண்டிய நேரம் வந்துவிட்டதை அந்த மறுப்பில் உணர்ந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1973இல் இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள்.

அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கு ஒரு ஃபுஜிசாவா இல்லாமல் போனார். 1919இல் மற்றப் பங்குதாரர்களின் பங்குகளை எல்லாம் வாங்கிவிட்ட பிறகு, நிறுவனத்தில் அவரைக் கேள்வி கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. ஃபோர்டின் பெயர்பெற்ற மாடல் டி காருக்கு மாற்று வேண்டும் என்று 1926 ஜனவரியில் எர்னஸ்ட் கான்ஸ்லர் என்ற அதிகாரி மிகுந்த மரியாதையோடு நீண்ட குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். ஃபோர்டின் மகன் எட்செலுக்குக் கான்ஸ்லர் மனைவிவழி உறவினர். சில மாதங்களில் கான்ஸ்லர் நிறுவனத்தில் இல்லை. 1927 மே மாதத்தில், ஒன்றரைக் கோடிக் கார்கள் விற்ற பெருமையோடு மாடல் டி நின்றது; அடுத்த காரை டிசம்பரில்தான் காட்ட முடிந்தது. ஃபோர்டின் செருக்கு ஹோண்டாவினுடையதைவிடப் பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஹோண்டாவின் அருகில் இடித்துச் சொல்ல ஒருவர் இருந்தார், அவர் சொன்னால் ஹோண்டா கேட்டார். வேறுபாடு அங்கே இருக்கிறது.

இனி உங்களுக்கு வருகிறேன். ஈயத்தைக் கூட்ட மறுத்தீர்களே, அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். பழைய தொழிலாளியின் வாசலுக்குப் போக மறுப்பதில் எனக்கு மதிப்பில்லை. பெருமிதம் பிறக்கும் இடங்களாகக் கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ், கொடை என்ற நான்கைத் தொல்காப்பியம் சொல்கிறது. செல்வமும் பிறப்பும் முதலாளி என்ற நிலையும் அதில் இல்லை. லேத் பிடிக்கத் தெரியாமல் வந்த ஒருவர் உங்கள் அப்பாவின் பட்டறையில் தொழில் கற்று நிறுவனம் நடத்தும் அளவுக்கு உயர்ந்திருக்கிறார் என்றால், அது உங்கள் குடும்பம் கொடுத்த கொடை. அந்தப் பெருமிதத்தோடு அவர் வாசலில் நீங்கள் தலைநிமிர்ந்தே நிற்கலாம்.

வெண்கலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் அப்பா உங்களுக்குக் கொடுத்தது வெண்கலத்தை அல்ல, பழுதில்லாத பொருளைத்தான் விற்க வேண்டும் என்ற அளவுகோலை என்று நினைக்கிறேன். ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்ட உங்கள் மாவட்டத்தில், மணல் கலந்த நீரில் எந்த இம்பெல்லர் எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்பதை மூன்று வகையிலும் ஓட்டிப் பார்த்து எழுதிவைத்தீர்களா? வெண்கலம் வென்றால் அந்தக் கணக்கையே காட்டி விற்கலாம். தோற்றால், நீங்கள் காப்பாற்றிவருவது தரத்தை அல்ல, ஒரு பழக்கத்தை.

ஃபோர்மேனைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. அதை நீங்கள் துரோகமாகப் பார்க்கிறீர்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்குக் கோவையில் வேறு பட்டறையில் வேலை கிடைக்காமல் போகாது. ஒன்றும் பேசாமல் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ஹோண்டாவின் இளைஞர்கள் ஃபுஜிசாவாவிடம் போனதைப்போல, உங்கள் காதில் விழும் வழி எது என்று தேடி, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். உங்கள் மனைவியும் அதை மறைக்காமல் உங்களிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இருபது ஆண்டுகள் உடனிருந்தவர் உங்களிடம் நேரே சொல்ல ஏன் தயங்கினார் என்ற கேள்விக்கு விடை உங்களிடம்தான் இருக்கிறது. பட்டறை அடைத்த பிறகு ஒரு மாலையில் அவரை உட்காரவைத்து, வீட்டில் சொன்னதை என்னிடமும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். உங்கள் மனைவியும் உடனிருக்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

அன்புடன்