மாகாணமா, மாநிலமா, சோடாவா?

கேள்வி: அமெரிக்காவில் சில மாகாணங்கள் ஜோடி போட்டுக்கொண்டு ஐம்பது, நூறு வருஷமாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகின்றன என்கிறார்களே, அந்த மாகாணங்களுக்குள் அப்படி என்ன ஒட்டு? கமலா ஹாரிஸுக்காகப் பக்கத்து ஊர் துளசேந்திரபுரத்தில் அபிஷேகம் நடந்தபோது நானும் போயிருந்தேன். அந்த உரிமையில் கேட்கிறேன்.
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் அந்த ‘மாகாண’த்தைக் கீழே இறக்கி வையுங்கள். இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். சென்னை மாகாணம் என்று ஒன்று இருந்தது, வெள்ளைக்காரன் இருந்தான், எல்லாம் சரி. 1950 ஜனவரி 26-ஆம் தேதியோடு நாம் மாநிலம் ஆகிவிட்டோம். நாம் கழற்றிப் போட்ட அந்தப் பழைய சட்டையை நம் பத்திரிகைகள் இன்றுவரை அமெரிக்காவுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருக்கின்றன. டெக்சாஸ் மாகாணத்தில் புயல், கலிபோர்னியா மாகாணத்தில் காட்டுத் தீ. கனடாவில் இருப்பது மாகாணம். பாகிஸ்தானிலும் மாகாணம். இலங்கையின் வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் சட்டப்படியே மாகாணங்கள். அங்கே போய் மாநிலம் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து வாசகர்கள் என்னை உதைப்பார்கள், உதைக்கவும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பது மாநிலம். (மசாசூசெட்ஸ், பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி நாலும் தங்களைக் ‘காமன்வெல்த்’ என்றல்லவா சொல்லிக்கொள்கின்றன என்று கடிதம் எழுத உட்காருகிறவர்கள் பேனாவை மூடலாம். தெரியும்.)

வெறும் எழுத்துத் தகராறாக இருந்தால் இத்தோடு விட்டிருப்பேன். உங்கள் கேள்விக்குப் பதிலே இந்தச் சொல்லுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. மாகாணம் என்பது மேலே இருக்கிற அரசு தன் வசதிக்காக வெட்டி வைத்த துண்டு. அமெரிக்காவில் துண்டுகள்தான் முதலில் வந்தன. பதின்மூன்று காலனிகள் 1776-ல் சுதந்திர மாநிலங்கள் என்று அறிவித்துக்கொண்டன. 1787-ல்தான் உட்கார்ந்து பேரம் பேசி இன்றைய அரசியல் சட்டத்தை எழுதின. ஜனாதிபதியை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்தப் பேரத்தில் முடிவாகவில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலெக்டோரல் ஓட்டு, அதாவது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் ஓட்டு. அதற்கான ஆட்களை எப்படிப் பொறுக்குவது என்பது அந்தந்தச் சட்டமன்றத்தின் பாடு. தென் கரோலினாவில் 1860 வரைக்கும் ஜனாதிபதித் தேர்தலில் பொதுமக்கள் ஓட்டே போட்டதில்லை, சட்டமன்றமே பார்த்துக்கொண்டது. தென் கரோலினா இன்னாருக்கு ஓட்டுப் போட்டது என்று அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் அட்சர சுத்தம். இப்போது எழுதினால் பாதிப் பொய்.

பாதிப் பொய் எப்படி என்றால், 48 மாநிலங்களில் ஒரே ஒரு ஓட்டு அதிகமாக வாங்கினவருக்கும் முழுப் பந்தியும் சொந்தம். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் தொகுதி பார்த்துப் பிரித்துப் பரிமாறும். 2020-ல் டிரம்ப்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம் எது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். டெக்சாஸ் என்பார்கள். கலிபோர்னியா! அங்கே அவருக்கு 60 லட்சத்துக்கு மேல் விழுந்தது, டெக்சாஸில் 59 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் கலிபோர்னியாவின் 55 எலெக்டோரல் ஓட்டும் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்குப் போய், தேர்தல் முடிவுப் படத்தில் மாநிலம் மொத்தமும் நீலம். அந்த அறுபது லட்சம் பேரும் பெயின்டுக்கு அடியில் இருக்கிறார்கள்.

பெயின்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி என்பதை ஏதோ லிங்கன் காலத்து வழக்கம் மாதிரி பேசுகிறார்கள். 2000-ல் புளோரிடா இழுபறியில் வாரக்கணக்காக டிவியில் அந்தப் படத்தையே காட்டிக் காட்டி ஒட்டிக்கொண்ட நிறம் அது. 1980-ல் ஒரு பெரிய சேனல் குடியரசுக் கட்சியின் ரீகன் ஜெயித்த மாநிலங்களுக்கு நீலம்தான் பூசியது. உலகம் முழுக்கச் செங்கொடி பிடித்தவர்கள் இடதுசாரிகளாக இருக்க, முதலாளிகளின் செல்லக் கட்சிக்குச் சிவப்பைக் கொடுத்த ஊரில் மற்ற கணக்குகள் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

ரீகன் என்றதும் 1984. அப்போது நான் ஒரு தினசரியில் கடைக்குட்டி சப்-எடிட்டர். இந்திரா காந்தி இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எம்.ஜி.ஆரை சிகிச்சைக்காக விமானத்தில் கொண்டுபோயிருந்தார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த ஒரே அமெரிக்கா புரூக்ளின் ஆஸ்பத்திரி. அந்த ஊரில் அதே சமயம் ஜனாதிபதித் தேர்தலும் நடந்தது என்பதில் எங்கள் ஆபீஸில் யாருக்கும் அக்கறையில்லை, என்னைத் தவிர. ரீகனுக்கு 50-ல் 49 மாநிலங்கள். எதிர்த்து நின்ற வால்டர் மொண்டேலுக்குச் சொந்த மாநிலமான மினசோட்டா மட்டும், அதுவும் 3,761 ஓட்டு வித்தியாசத்தில். டெலிப்பிரின்டரில் வந்ததை எட்டு வரியாகச் சுருக்கி, ‘49 மாநிலங்களில் ரீகன் வெற்றி, மொண்டேலுக்கு மினசோட்டா மட்டும்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

காலையில் பேப்பரில் இருந்தது: ‘49 மாகாணங்களில் ரீகன் வெற்றி, மொண்டேலுக்கு மின் சோடா மட்டும்.’

சோடா கம்பாசிட்டர் செய்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன்; ராத்திரி ஒரு மணிக்கு ஈய எழுத்தைப் பொறுக்குகிறவருக்குச் சோடாவின் நினைப்பு வருவது மனித இயல்பு. ஆனால் புரூஃப் பார்த்தவர்! என் மாநிலத்தைத் தேடிப் பிடித்து மாகாணமாகத் திருத்தத் தெரிந்த மனுஷருக்குப் பக்கத்திலேயே நுரைத்துக்கொண்டிருந்த சோடா கண்ணில் படவில்லை. எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் மட்டும் செய்தியைப் பாராட்டினார். “தோத்துப்போனவருக்குக் களைப்பா இருக்கும், ஒரு சோடா குடுக்கிறது நியாயந்தானே சார். மின் சோடான்னா அந்த ஊர்ல கரண்ட்ல தயார் பண்றாங்களோ?” என்றார். ஒரு வாரம் ஆபீஸில் என் பெயர் சோடா. வாஷிங்டன் நகரத்தின் மூன்று எலெக்டோரல் ஓட்டும் மொண்டேலுக்குத்தானே போனது, அதை ஏன் விட்டீர் என்று ஒரு வாசகர் போஸ்ட் கார்டு போட்டார். அவர் சொன்னது சரி. அந்த நகரம் மாநிலமும் இல்லை, மாகாணமும் இல்லை என்பதால் இரு தரப்பும் அதை மறந்திருந்தோம்.

சரி, ஜோடிகள். உங்களுக்குப் பொருத்தமான ஜோடி வட டகோட்டாவும் தென் டகோட்டாவும். 1920 தொடங்கி 2024 வரை 27 தேர்தல், ஒன்றில்கூடப் பிரிந்து போட்டதில்லை. 1972-ல் ஜார்ஜ் மெக்கவர்ன் நின்றார், தென் டகோட்டாவின் செனட்டர். அப்போதாவது பிறந்த வீட்டுப் பாசம் பொங்கும் என்று பார்த்தால், இரண்டும் சேர்ந்து நிக்சனுக்குப் போட்டன. இதில் ரகசியம் ஏதுமில்லை. ஒரே நிலப்பகுதியை இரண்டாக அறுத்து 1889 நவம்பர் 2-ஆம் தேதி ஒரே நாளில் மாநிலமாக்கினார்கள். எது மூத்தது என்று சண்டை வரக்கூடாதென்று ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் காகிதங்களைக் கலைத்துப் போட்டு, எதில் முதலில் கையெழுத்திட்டார் என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார். இரட்டைப் பிள்ளைகளில் எது முதலில் பிறந்தது என்பதை மறைத்த ஒரே தகப்பன். ஏன் இரண்டாக அறுத்தார்கள் என்பதுதான் சுவை: ஒரு மாநிலமென்றால் இரண்டு செனட்டர், இரண்டென்றால் நாலு. குடியரசுக் கட்சிக்கு அந்த நாலு வேண்டியிருந்தது. இன்றைக்கும் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 17 லட்சம் பேர்தான், செனட்டர் நாலு. நாலு கோடியை நெருங்கும் கலிபோர்னியாவுக்கு இரண்டு.

இன்னொரு பழைய ஜோடி மெய்னும் வெர்மான்ட்டும். அந்தக் காலத்தில் மெய்ன் தன் மாநிலத் தேர்தலைச் செப்டம்பரிலேயே நடத்திவிடும்; மெய்ன் போகிற வழியில்தான் நாடே போகும் என்று ஒரு சொலவடை இருந்தது. 1936-ல் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவருக்கு மெய்னும் வெர்மான்ட்டும் தவிர 46 மாநிலங்களிலும் தோல்வி. ரூஸ்வெல்ட்டின் தேர்தல் தளபதி ஜிம் ஃபார்லி சொலவடையைத் திருத்தினார்: மெய்ன் போகிற வழியில் வெர்மான்ட் போகும்.

எனக்குப் பிடித்தது ஜோடி சேராத ஜோடி. வெர்மான்ட் 1964 வரை ஒரு தடவைகூட ஜனநாயகக் கட்சிக்குப் போட்டதில்லை. ஜார்ஜியா 1964 வரை ஒரு தடவைகூடக் குடியரசுக் கட்சிக்குப் போட்டதில்லை. உள்நாட்டுப் போரில் லிங்கனின் கட்சியோடு ஏற்பட்ட பகையை ஜார்ஜியா நூறு வருஷம் கட்டிக் காத்தது. 1964 ஜூலையில் ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் இரண்டு மாநிலங்களும் ஒரே நாளில் கட்சி மாறின, எதிரெதிர்த் திசையில். அதே தெற்கில் இருக்கும் மிசிசிப்பி இன்னும் மோசம். 1936-ல் நூற்றுக்கு 97 ஜனநாயகக் கட்சிக்கு, 1964-ல் நூற்றுக்கு 87 குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டருக்கு. ஜனங்கள் ஒரே ராத்திரியில் மனசு மாறினார்கள் என்றா நினைக்கிறீர்கள்? வெள்ளைக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கட்சிகள்தான் இடம் மாறின. ‘மிசிசிப்பி ஓட்டுப் போட்டது’ என்பதும் எத்தனை பேரைச் சேர்த்த கணக்கு? கறுப்பின மக்களில் அன்றைக்கு அங்கே நூற்றுக்கு ஏழு பேருக்குக்கூட வாக்காளர் பட்டியலில் பெயரில்லை.

கறுப்பு என்றதும் மண் ஞாபகம் வருகிறது. நான் கரிசல்காட்டுக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள். அலபாமா முழுச் சிவப்பு மாநிலம். ஆனால் அதன் இடுப்பில் ஒட்டியாணம் மாதிரி ஜனநாயகக் கட்சிக்கே போடும் மாவட்டங்கள் ஒரு வரிசையாக வளைந்து கிடக்கின்றன. டைனோசர் காலத்தில் அதுதான் கடற்கரை. கடலடியில் படிந்த சுண்ணாம்பு பின்னால் கரிசல் மண்ணானது. மண் கறுப்பென்று பருத்தி போட்டார்கள். பருத்திக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். பல கோடி வருஷத்துக்கு முந்தைய கடல், தேர்தல் முடிவுப் படத்தில் தெரிகிறது. நீங்கள் கேட்ட ஒட்டு மாநில எல்லையை மதிப்பதில்லை. யார் எங்கே குடியேறினார்கள், எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள், என்ன வேலை பார்க்கிறார்கள் என்று அது பாட்டுக்கு ஓடுகிறது.

அதே மாதிரி தொழிற்சாலைப் பாசத்தில் ஒட்டியவை மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும். 1992-லிருந்து ஒன்பது தேர்தலாக மூன்றுக்கும் ஒரே விரல். 2016-ல் மூன்றும் டிரம்ப் பக்கம் சாய்ந்தன. மூன்று மாநிலத்து வித்தியாசத்தையும் கூட்டினால் சுமார் 78 ஆயிரம் ஓட்டு. 2020-ல் மூன்றும் திரும்பின, 2024-ல் மூன்றும் மறுபடி போயின, கமலாவும் போனார். துளசேந்திரபுரத்துப் பால் அவ்வளவு தூரம் எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அபிஷேகம் முழுக்க வீணில்லை. மினசோட்டா கமலாவுக்குத்தான் போட்டது. 1976-லிருந்து 13 தேர்தலாக அது வேறு கட்சிக்குப் போட்டதில்லை; தொடர்ச்சியில் அதை விஞ்ச மாநிலங்களுக்குள் ஜனநாயகக் கட்சிக்கு ஆளில்லை.

எங்கள் பழைய புரூஃப் ரீடருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலை. பகையை மறந்து, இந்தப் பதின்மூன்று தேர்தல் கதையை அவரிடம் சொன்னேன். பாயசத்தை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, “எது, அந்தச் சோடா மாகாணமா?” என்றார்.